மழை விட்ட இரண்டாம் நாள்

நேற்று இரவு எட்டு மணிக்குத் தொடங்கிய மழை இன்று விடியற்காலை நான்கு மணிக்குத்தான் விட்டது. யன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். செப்டெம்பர் கடைசியில் இப்படி ஒரு மழை பெய்தால் எனக்கு நித்திரை வராது. கனடாவில், ஒன்ராறியோ ஏரியின் வடகரையில் விழுகிற ஆறுகளின் வாய்களில் சினூக் என்கிற பெரிய சால்மன் மீன்கள் இரண்டு கிழமையாக இந்த மழைக்காகத்தான் காத்துக் கிடந்தன.

ஆறு மணிக்கே நண்பர் ஒருவர் அழைத்தார். "மழை விட்டிட்டுது, வெளிக்கிடுவமா?" இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் போவோம் என்றேன். அவருக்கு ஏமாற்றம். மழை பெய்தால் மீன் ஏறும் என்று போன வருடம் அவருக்குச் சொன்னவனே நான்தான். சொன்னதில் பாதியைத்தான் அன்று சொல்லியிருக்கிறேன். மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறது. பன்னிரண்டு இலையுதிர் காலங்களாக எழுதி வருகிறேன். ஆற்றுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் நான்கு விடயங்கள்: காற்று எந்தப் பக்கம், தண்ணீரின் வெப்பநிலை, மழை விட்டு எத்தனை மணித்தியாலம், முழங்கால் ஆழத்தில் நின்றால் என் சப்பாத்தின் நுனி தெரிகிறதா இல்லையா. மீன் பிடித்தேனா என்பதை ஐந்தாவதாகத்தான் எழுதுவேன். போன குளிர்காலத்தில் அதை முதலிலிருந்து வாசித்துப் பார்த்தபோது, நல்ல நாட்கள் எந்தத் திகதியையும் சுற்றி வரவில்லை. ஒரு வருடம் செப்டெம்பர் 12, இன்னொரு வருடம் ஒக்டோபர் 9. ஆனால் மற்ற நான்கு விடயங்களும் அந்த நாட்களில் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. நாட்காட்டியைப் பார்த்து விடுமுறை எடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். செப்டெம்பர் நடுவிலிருந்து ஒக்டோபர் முற்பகுதி வரை பொதுவாக நல்ல காலம், சரி. ஆனால் அதற்குள் எந்த நாள் என்பதை ஆறுதான் சொல்லும்.

முதலில் ஏரியிலிருந்து தொடங்க வேண்டும். ஓகஸ்ட் கடைசியில் சினூக்குகள் ஆழத்தை விட்டுக் கரைப்பக்கம் வரத் தொடங்கும். அப்போது கரையோரத் தண்ணீர் சூடாக இருந்தால் கிட்ட வராமல் வெளியே ஆழத்திலேயே நிற்கும். இங்கேதான் காற்று வேலை செய்கிறது. மேற்கிலிருந்து இரண்டு நாள் விடாமல் பலமாக அடித்தால், ஏரியின் மேல்தண்ணீர் பூமியின் சுழற்சியால் காற்றுப் போகும் திசைக்கு வலப்பக்கமாக, அதாவது தெற்கே, விலகிப் போகும். அது விட்டுப்போன இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். ரொறன்ரோ கரையில் கோடைக் கடைசியில் ஓரிரு நாளுக்குள் தண்ணீர் பத்து பாகை குறைந்து, குளிக்கப் போனவர்கள் அலறிக்கொண்டு வெளியே வருவது இதனால்தான். கிழக்குக் காற்று இதற்கு நேர்மாறு. சூடான தண்ணீரைக் கொண்டுவந்து நம் கரையில் குவித்துவிடும்.

மேற்குக் காற்று இரண்டு நாள் அடித்து ஓய்ந்த விடியலில் ஆற்று வாய்க்கோ, துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கோ போய் நின்று பாருங்கள். இருட்டு விலகுமுன்னரே பெரிய மீன்கள் துள்ளி விழுகிற சத்தம் கேட்கும், தென்னை மட்டை தண்ணீரில் விழுகிறது போல. அந்த நேரத்துக்கு இருட்டில் ஒளிரும் ஸ்பூன் என்கிற உலோகப் போலி இரைதான் சரி. கைவிளக்கில் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு எறிந்து, ஆறுதலாக இழுக்க வேண்டும். சூரியன் ஏறி அரை மணித்தியாலம் போனால் பெரும்பாலும் அன்றைய கதை முடிந்துவிடும். அப்புறம் நிற்பது நின்ற சந்தோஷத்துக்காக.

இந்த மீன்கள் எல்லாம் ஆற்றுக்குள் போக எதற்காகக் காத்திருக்கின்றன? மணத்துக்காக. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் ஹாஸ்லர் என்ற விஞ்ஞானி இதற்காகவே பல வருடங்கள் செலவழித்தார். 1970-களில் அவருடைய குழு கோஹோ சால்மன் குஞ்சுகளை மோர்ஃபோலின் என்ற இரசாயனத்தின் மணத்தில் பழக்கி மிச்சிகன் ஏரியில் விட்டது. அவை வளர்ந்து திரும்பும் காலத்தில் அதே இரசாயனத்தைச் சொட்டுச் சொட்டாகக் கலந்த ஓடைக்குள் அவை ஏறின. குஞ்சாக இருந்தபோது முகர்ந்த தண்ணீரை மூன்று நான்கு வருடம் கழித்தும் மறக்காத பிராணி. கோடைக் கடைசியில் ஆறு வற்றிக் கிடக்கும்போது அந்த மணம் ஏரிக்குள் கொஞ்சமாகத்தான் கசியும். ஒரு பெருமழை பெய்தால் மண், இலை, பாசி எல்லாவற்றின் மணமும் சேர்ந்து ஏரிக்குள் வெகுதூரம் போகிறது. கூடவே மேட்டுப் பகுதிகளில் மீன் ஏறுவதற்குத் தேவையான ஆழமும் கிடைக்கிறது. இரண்டும் ஒரே இரவில் நடக்கும்.

அப்படியென்றால் ஏன் இன்றைக்கே போகக் கூடாது?

இன்று மீன் நகர்கிற நாள். நகர்ந்துகொண்டிருக்கிற மீன் எதையும் கவனிக்காது. தண்ணீரும் பால்தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். இரையை அதன் மூக்குக்கு முன்னால் கொண்டு போனாலும் தெரியாது. இலையும் கிளையும் மிதந்து வந்து நூலில் மாட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏறிக்கொண்டிருக்கிற ஆற்றில் கால் வைப்பது ஆபத்து. தண்ணீர் உச்சிக்கு வந்து, இறங்கத் தொடங்கி, பழுப்பு மாறிப் பச்சை கலக்கிற நேரம் ஒன்று வரும். அந்த நேரத்தில் மீன் மடுக்களில் வந்து தங்கும், இரையும் தெரியும், ஆனால் நம்மை அது காணாத அளவுக்குக் கலங்கலும் மிச்சமிருக்கும். என் கொப்பியில் "சப்பாத்து நுனி மங்கலாகத் தெரிகிறது" என்று எழுதிய நாட்கள்தான் மிக நல்ல நாட்கள். தெளிவாகத் தெரிந்த நாட்கள் சுமார். தெரியவே இல்லை என்று எழுதியவற்றில் மீன் என்ற சொல்லே இல்லை.

அந்த நேரம் எப்போது வரும் என்பது ஆற்றுக்கு ஆறு வேறுபடும். ஸ்கார்பரோவின் ஹைலண்ட் கிறீக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் படுகை முழுவதும் வீதி, கூரை, வாகனத் தரிப்பிடம். விழுகிற மழை மண்ணில் ஊறாமல் நேரே ஓடி வரும். இரண்டு மணித்தியாலத்தில் பொங்கும், அடுத்த நாளே வடிந்துவிடும். அங்கே ஒரு விடியலைத் தவறவிட்டால் நல்ல தண்ணீரைத் தவறவிட்ட மாதிரி. ஹம்பரும் கிரெடிட்டும் பெரிய ஆறுகள், மேலே வயலும் காடும் நகரமும் கலந்தவை. அவை தெளிய இரண்டு நாளோ மூன்று நாளோ எடுக்கும். கனராஸ்கா இன்னொரு வகை. ஓக் ரிட்ஜஸ் மொரேய்ன் மேட்டின் மணலில் ஊறி, நிலத்தடி ஊற்றாக வருகிற தண்ணீர் அதற்கு நிறைய உண்டு. கோடையிலும் குளிர்ச்சி மிஞ்சியிருக்கும், வெள்ளமும் கெதியாகத் தெளியும். அந்த மேடு ஒருகாலத்தில் காடு வெட்டப்பட்டு மணல் பறக்கும் நிலமாகக் கிடந்தது. 1940-களில் மரம் நட்டு மீட்டெடுத்தார்கள். இன்று அந்த ஆறு ஏரியில் சேரும் போர்ட் ஹோப்பில் தெளிந்த தண்ணீரில் நிற்கிறவர்கள் அந்தக் காட்டுக்கும் கடமைப்பட்டவர்கள் என்று நான் நினைப்பதுண்டு.

வீட்டிலிருந்தே பார்க்க ஒரு வழி இருக்கிறது. வோட்டர் சேர்வே ஒஃப் கனடா தன் அளவுமானிகளின் நீர்மட்டத்தையும் ஓட்டத்தையும் இணையத்தில் உடனுக்குடன் காட்டுகிறது. நீங்கள் போகிற ஆற்றின் வரைபடத்தை ஒரு மாதத்துக்குத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு மழைக்கும் ஒரு கூம்பு தெரியும். எண்ணைவிடக் கோட்டின் சாய்வுதான் முக்கியம். ஏறுகிற பக்கம் என்றால் வீட்டில் இருங்கள். உச்சியிலிருந்து பாதி இறங்கிய இடத்தில் வெளிக்கிடுங்கள். இரண்டு மூன்று மழைக்கு அந்தக் கோட்டையும் கண்ணால் பார்த்த தண்ணீரையும் ஒப்பிட்டு வைத்தால், பிறகு அந்த ஆற்றின் குணம் கைவந்துவிடும்.

வெப்பநிலையைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் கனமாக இருக்கிறது. நான் தொடங்கிய இரண்டாவது வருடம், செப்டெம்பர் முதல் கிழமை, வெயில் நாள். ஒரு பெண் சினூக், இருபது இறாத்தலுக்குக் குறையாது, மெல்லிய தங்கூசி நூலில் மாட்டியது. இருபத்தைந்து நிமிடம் இழுபட்டேன். கரைக்குக் கொண்டுவந்து, தூக்கிப் பிடித்து மூன்று நான்கு படம் எடுத்து, விட்டுவிட்டேன். அது ஓட்டத்தில் நேராக நிற்க முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்தது. செட்டையைப் பிடித்து, முகத்தை ஓட்டத்துக்கு எதிரே வைத்து, அரை மணித்தியாலத்துக்கு மேல் தண்ணீரில் குந்தியிருந்தேன். செவுள் அசைவது மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிட்டது. வயிறு நிறையச் சினை. அன்று மாலைதான் தெரிந்துகொண்டேன், தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறையும், மீனுக்கோ தேவை கூடும் என்று. அடுத்த நாள் ஒரு வெப்பமானி வாங்கினேன். இன்றுவரை தடியை மறந்தாலும் அதை மறந்ததில்லை.

என் கணக்கு இதுதான். 8 முதல் 14 பாகை வரை நல்ல தண்ணீர், மீன் துடிப்பாக இருக்கும். 16, 17 என்றால் விடியலில் மட்டும். 19-ஐத் தொட்டால் தூண்டில் போடமாட்டேன், கரையில் நடந்து பார்த்துவிட்டு வந்துவிடுவேன். தங்கூசியையும் மெல்லியதாகப் போடுவதில்லை. கொக்கியை இணைக்கும் கடைசி நூலான லீடர், பத்து இறாத்தல் இழுவை தாங்குவதற்குக் கீழே போவதே இல்லை, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும்கூட. மெல்லிய லீடர் போட்டால் கூடுதல் மீன் கடிக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த மீனைச் சாகும்வரை களைக்க வைத்துத்தான் கரைக்குக் கொண்டுவர முடியும். பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். தடியை மேலே உயர்த்தாமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து, மீன் எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் இழுத்தால் அதன் தலை திரும்பிக்கொண்டே இருக்கும், கெதியாக அடங்கும்.

ஆற்றுக்குள் எங்கே தேடுவது என்று கேட்பார்கள். ஆழமான மடுவின் தலைப்பக்கம், சல்லி மேட்டிலிருந்து தண்ணீர் சலசலத்து இறங்கி ஆழமாகிற இடம். வேகமான ஓட்டமும் மெதுவான ஓட்டமும் உரசிக்கொள்ளும் கோடு. விழுந்த மரத்தின் நிழல். வெள்ளம் கூடுதலாக இருக்கும் நாளில் நடு ஆற்றை விட்டுவிடுங்கள். மீன் ஓட்டத்துக்கு ஒதுங்கிக் கரையை ஒட்டி, நீங்கள் கால் வைக்க நினைக்கிற அதே இடத்தில்தான் நிற்கும். அதனால் இறங்குமுன் கரையிலிருந்தே முதல் எறியைப் போட வேண்டும்.

மிதவைத் தூண்டிலை எனக்குக் கற்றுத்தந்தவர் ஓர் அண்ணை. ஹம்பர் கரையில் அறிமுகமானவர், அப்போதே அறுபது வயதுக்கு மேல். பக்கத்துப் பக்கத்தில் நின்று, அவர் மூன்று மீன் எடுத்தார், எனக்கு ஒன்றுமில்லை. ஒரே இரை, ஒரே மடு. அவர் என் மிதவையை வாங்கிப் பார்த்துவிட்டு, அதை ஒரு சாண் மேலே தள்ளிக் கட்டினார். "தம்பி, மிதவையப் பாத்துக்கொண்டு நிக்காதையும். அடியில இரை என்ன செய்யுதெண்டு யோசியும்" என்றார். ஆற்றின் மேற்பரப்பு வேகமாக ஓடும், அடித்தண்ணீர் கல்லில் உரசி மெதுவாகப் போகும். மிதவையை அதன் பாட்டுக்கு விட்டால் அது இரையை இழுத்துக்கொண்டு ஓடும், இரை மீனின் தலைக்கு மேலால் பறந்துபோகும். மிதவையை லேசாகத் தடுத்துப் பிடித்தால்தான் இரை முன்னே வரும், அடியிலிருந்து ஒரு சாணுக்குள் மெல்ல உருண்டு போகும். இரை இடைக்கிடை கல்லில் தட்டி, மிதவை தலையாட்ட வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் ஆழம் போதாது, மறுபடி தள்ளிக் கட்டுங்கள். தடையில்லாமல் சுழலும் சென்டர்பின் ரீல் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தத் தடுத்து விடுகிற வேலை விரல் நுனியில் இருக்கும். சாதாரண ரீலிலும் முடியும், பழக வேண்டும்.

இரைக்கு நான் வலையில் கட்டிய சினைப் பொட்டலம்தான் போடுவேன். கலங்கல் கூடினால் பெரியது, கடும் பச்சை அல்லது இளஞ்சிவப்பு வலை. தெளிந்தால் சின்னவிரல் நகமளவு, வெளிறிய நிறம். ஒரு நிறம் இருபது எறிக்குச் சரிவரவில்லையென்றால் மாற்றுங்கள், மீனைக் குறை சொல்ல வேண்டாம்.

ஆற்றுக்குள் வந்த சினூக் சாப்பிடுவதில்லை. குடல் சுருங்கத் தொடங்கிவிடும், ஏரியில் சேர்த்த கொழுப்பில்தான் கடைசி நாட்கள் ஓடும். அப்படியிருந்தும் ஏன் கடிக்கிறது? பழைய வழக்கமோ, தன் இடத்துக்குள் வந்ததன் மேல் கோபமோ. புதிதாக ஏறிய வெள்ளி நிற மீன் அதிகம் கடிக்கும், கறுத்துப்போனது குறைவு. கடிக்காத மீனை உடம்பில் கொக்கி மாட்டி இழுக்கிற ஆட்களை ஒவ்வொரு வருடமும் காண்கிறேன். வாயில் மாட்டாத மீனை உடனே விட வேண்டும் என்பது ஒன்ராறியோவின் சட்டம். சட்டத்தை விடுங்கள், முதுகில் கொக்கியோடு துடிக்கிற மீனைக் கிட்ட நின்று பார்த்தவர் யாரும் அதைச் செய்ய மாட்டார் என்று நம்ப விரும்புகிறேன். தற்செயலாக முதுகில் மாட்டிவிட்டால் நூலை இறுக்கி அறுத்துவிடுங்கள். ஒரு கொக்கி போனால் போகட்டும்.

ஒக்டோபர் பிறந்ததும் நடக்கிற இடத்தைப் பார்த்து நடக்க வேண்டும். ஆழமில்லாத சல்லி மேட்டில், சுற்றிலும் பாசி பிடித்த கற்களுக்கு நடுவே, பாயளவு இடம் மட்டும் கழுவித் துடைத்தது போல வெளிறித் தெரியும். அது பெண் மீன் வாலால் அடித்துத் தோண்டிய கூடு. அதற்குள் ஆயிரக்கணக்கான முட்டைகள். வசந்த காலம்வரை அந்தக் கற்களுக்குள்தான் இருக்கும். ஒரு சப்பாத்துக் கால் போதும் எல்லாவற்றையும் நசுக்க. கூட்டின்மேல் நிற்கிற சோடிக்குத் தூண்டில் போடாதீர்கள். கொஞ்சம் கீழே தள்ளி, உருண்டு வரும் முட்டைகளைத் தின்ன வானவில் ட்ரவுட்டும் பிரவுண் ட்ரவுட்டும் வரிசையாக நிற்கும். ஒற்றை முட்டை போன்ற சின்ன இரையோடு அவற்றைத் தேடுங்கள், ஒக்டோபர் கடைசியில் அதுதான் நல்ல விளையாட்டு.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த ஆறுகள் ஒருமுறை தங்கள் சால்மனை முழுதாக இழந்தவை. இந்த ஏரியின் சொந்த மீன் அட்லாண்டிக் சால்மன். ஆலைகளுக்கு அணை கட்டினார்கள், காட்டை வெட்டினார்கள், கூடு கட்ட வந்த மீனை ஈட்டியாலும் வலையாலும் அள்ளினார்கள். ஒன்ராறியோவின் நியூகாசிலில் சாமுவேல் வில்மட் என்பவர் குறைவதைக் கண்டு 1866-இல் தன் நிலத்து ஓடையிலேயே குஞ்சு பொரிக்க வைத்துப் பார்த்தார். அவ்வளவு பாடுபட்டும் 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அது ஏரியிலிருந்து அற்றுப்போனது. இப்போது நாம் பிடிக்கிற சினூக்கும் கோஹோவும் 1960-களின் கடைசியிலிருந்து பசிபிக் பக்கத்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவற்றின் வம்சம். அவற்றில் பல இன்று இந்தக் கற்களுக்குள்ளேயே பிறக்கின்றன. அட்லாண்டிக் சால்மனைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சியும் 2006 முதல் நடக்கிறது. ஆகவே பிடிபட்டது எந்த மீன் என்று தெரியாவிட்டால் தண்ணீரில் வைத்தே அடையாளம் பாருங்கள். சினூக்கின் முரசு (பல் ஈறு) கறுப்பு, வாலின் மேலும் கீழும் புள்ளி இருக்கும்.

விதிகளை வருடா வருடம் மாகாணத்தின் மீன்பிடிச் சுருக்கத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். பல ஆறுகளின் மேற்பகுதி செப்டெம்பர் 30-உடன் மூடிவிடும், கீழ்ப்பகுதி மட்டும் ஆண்டு முடியும்வரை திறந்திருக்கும். போர்ட் ஹோப்பில் கோர்பெட் அணையின் மீன் ஏணிப் பக்கம் பார்க்க மட்டும்தான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், தடியை விட்டுவிட்டு. சாப்பிட எடுப்பதென்றால், எந்த நீளமுள்ள மீனை மாதம் எத்தனை தடவை உண்ணலாம் என்று மாகாணம் ஏரிப் பகுதிவாரியாக வெளியிடும் வழிகாட்டியையும் பாருங்கள். பெரிய மீனுக்குக் கட்டுப்பாடு கூடுதல்.

பாதுகாப்பு: வேடருக்கு (மார்புவரை வரும் நீர்புகாக் காற்சட்டை) மேல் இடுப்புப் பட்டி கட்டாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது. விழுந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பாமல் காப்பது அந்தப் பட்டிதான். முழங்காலுக்கு மேல் ஓட்டம் தள்ளினால் திரும்பிவிடுங்கள். நிற்கும்போது தண்ணீரில் திடீரென இலையும் சுள்ளியும் கூடினால் மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது, உடனே கரையேறுங்கள்.

இப்போது இரவு ஒன்பதரை. ஹைலண்ட் கிறீக் பக்கம் மாலையில் ஒருமுறை போய் எட்டிப் பார்த்தேன். இன்னும் பழுப்புத்தான், ஆனால் கரையில் புல்லில் ஈரக்கோடு தெரிகிறது, தண்ணீர் அதற்கு ஒரு முழம் கீழே இறங்கிவிட்டது. பாலத்தடியில் ஒரு முதுகுச் செட்டை ஒருகணம் மேலே வந்து போனது. காற்று வடமேற்கு. நண்பரிடம் நாலரைக்கு வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். பச்சை வலையில் பத்துப் பொட்டலம் கட்டியாகிவிட்டது, வெளிறியதில் ஆறு. வெப்பமானி சட்டைப் பையில் இருக்கிறது.